மீள்பார்வையா, ஒப்புவித்தலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்வு நெருங்கியதும் ஆங்கில வகுப்புகளில் மீள்பார்வை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் விடைகளை ஒப்புவிக்கும் வேலைதான். பத்தி எழுதுவதையும் இலக்கியத்தைப் புரிந்துகொள்வதையும் அப்படித் திருப்புதல் செய்ய முடியாது.

மையக்கருத்து வாக்கியம், அதைத் தாங்கும் விவரங்கள், முடிவு என்ற சட்டகம் மாணவர்களுக்குத் தெரியும். அவர்கள் சறுக்குவது நடுவில்தான். இணைப்புச் சொற்களைக் காரணமின்றித் தூவுகிறார்கள். கருத்தோடு ஒட்டாத வாக்கியங்களும் நுழைந்துவிடுகின்றன. மாணவரின் பழைய பத்தியையே கையில் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் அங்கே எதற்கு என்று அவரையே கேட்கச் சொல்லலாம். பதில் இல்லாததை அடித்துவிடட்டும். எழுத்துப்பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போடுவது அதற்குப் பிறகான வேலை. (பல ஆசிரியர்களுக்கு அதுவே முதல் வேலை!)

இலக்கியத்தில் நிலைமை இன்னும் மோசம். கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்தவர் 'யார், எங்கே' என்ற கேள்விகளைத் தாண்டிவிடுவார். 'அவள் ஏன் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்?' என்று கேட்டால் திணறுவார். விடை எந்த வரியிலும் நேராக இல்லை. வரிகளிலிருந்து ஊகிக்க வேண்டும், ஊகத்துக்குச் சான்றாக ஒரு வரியைக் காட்டவும் வேண்டும். கவிதையில் 'நான்' என்று வந்தாலே அது கவிஞர்தான் என்று எழுதிவிடுகிற பழக்கமும் இந்த அவசர வாசிப்பின் விளைவே.

படித்த கதையைப் பற்றி ஒரு கூற்று, ஒரு மேற்கோள், அதற்கொரு விளக்கம் என ஒரே பத்தி எழுதச் சொன்னால் இரண்டு பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். வினாத்தாள் தயாரிப்பவர்களும் மாணவர்கள் முன்பு படித்திராத பகுதிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை