கள்ளியை வெட்டச் சொன்ன சட்டம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பேத்தி பிறந்ததை எழுதினாய், அவள் பெயரை எழுத மறந்துவிட்டாயே, அடுத்ததில் எழுது. இங்கே எல்லாரும் நலம். நான் இப்போது பழைய சட்டப் புத்தகங்களையும் சுகாதார அறிக்கைகளையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்காக வீட்டில் வாங்கும் பேச்சை எழுதினால் தாள் போதாது.

ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் புலம்பிவிட்டு, வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் என்றால் சட்டம், கிராமம்கூடச் சுத்தமாக இருந்தது என்று முடித்திருந்தாய். நம் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள், அந்தக் காலத்தைப் பார்க்காமலே. சட்டங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. அவை யாருக்காகத் தொடங்கின, கிராமத்துக்கு வந்தபோது என்னவாக வந்தன என்பதுதான் விஷயம்.

1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே செத்து விழுவது லண்டனுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. 1859-ல் இதை விசாரிக்க ராயல் கமிஷன் போட்டார்கள். 1863-ல் அறிக்கை வந்தது: ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் சாவு, பெரும்பாலும் பேதியும் காய்ச்சலும். அடுத்த வருஷமே சென்னை, பம்பாய், வங்காளம் மூன்று மாகாணங்களிலும் சானிட்டரி கமிஷன், அதாவது சுகாதாரக் குழு. முதலில் ராணுவக் குடியிருப்பு, அப்புறம் அதை ஒட்டிய பஜார், அப்புறம் நகரம். நம் கிராமங்களின் முறை கடைசியில்தான்.

1884-ல் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம், அதாவது உள்ளூர் நிர்வாகச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அவற்றுக்குக் கீழே பெரிய ஊர்களுக்கு யூனியன். யூனியன் வீட்டு வரி வசூலித்துக் குப்பையையும் சாக்கடையையும் கவனிக்க வேண்டும். ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். அதன் பணத்தில் பெரும்பங்கு ரோட்டுக்கே போனது. விளைச்சல் ரயில் ஸ்டேஷன் போய்ச் சேர வேண்டுமே! மிச்சம் மீதியில்தான் சுகாதாரம்.

அந்த மிச்சத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளியை வெட்டச் சொன்னார்கள். கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கையில், ஊரைச் சுற்றியிருந்த கள்ளிப்புதர் அதிகாரிகளுக்குப் பெரிய எதிரி. ஊர்க்காரர்களுக்கோ அது வேலி, அதைவிட முக்கியமாக ஒதுங்குவதற்கு மறைவு. மறைவை வெட்டச் சொன்னவர்கள் அதற்குப் பதிலாகக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்களா என்றால், அதற்குப் பணம் இல்லை. வெட்ட வெட்ட அது முளைத்தது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு பூச்சி, சில வருஷத்தில் தென்னாட்டுக் கள்ளியைத் தின்று தீர்த்தது. எந்தக் கலெக்டராலும் முடியாத வேலை!

இதில் ஒரு வேடிக்கை. அதே 1884-ல்தான் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார். இந்திய அரசின் சானிட்டரி கமிஷனராக இருந்த ஜே.எம். கனிங்ஹாம், காலரா ஆளுக்கு ஆள் பரவும் என்பதையே ஏற்காதவர். அவர் சொல்தான் இங்கே எடுபட்டது.

தண்ணீருக்கு என்று சட்டம் இல்லாமல் இல்லை. அப்போதைய குற்றச் சட்டமான இந்தியப் பீனல் கோடு, பிரிவு 277: பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுத்தால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஓடும் ஆறு இதில் அடங்காது என்று 1881-ல் சென்னை ஐகோர்ட் சொல்லிவிட்டது. ஆற்று நீரைக் குடிக்கும் ஊர்களை நினைத்துப் பார். இன்னொரு பக்கம், தாழ்த்தப்பட்டவர் தொட்டதால் தண்ணீர் கெட்டது என்று இதே பிரிவைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். அது நீரைக் கெடுப்பதாகாது என்று 1900-ல் பம்பாய் ஐகோர்ட் சொன்னது. தீர்ப்பு என்னவோ சரிதான். நம்மூர்ப் பொதுக்கிணற்றில் சேரிக்காரர்கள் எப்போது வாளி இறக்கினார்கள் என்பது உனக்கும் தெரியும். அதுவரை சேரிக் குழந்தைகூடக் குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தது. அந்த நிலையை மாற்ற எந்தச் சானிட்டரி அதிகாரியும் மெனக்கெட்டதில்லை, ஊர்ப் பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டுமே.

சரி, கிராமத்தில் ஒழுங்காக நடந்த வேலை எது? சாவைக் கணக்கெடுப்பது. அந்தப் பொறுப்பு ஊரில் வரி வசூலித்த அதிகாரியான கிராம முன்சீப்புக்கு. வரி வசூலுக்கு நடுவில் அவர் இதையும் எழுத வேண்டும். பதிவேட்டில் காலரா, அம்மை, காய்ச்சல், சீதபேதி, காயம், மற்றவை என்று கட்டங்கள். டாக்டரே பார்க்காத சாவுக்கு என்ன காரணம் எழுதுவது? பெரும்பாலும் காய்ச்சல் கட்டத்தில்தான் விழும். மலேரியா, டைபாய்டு, பிரசவக் காய்ச்சல் எல்லாம் ஒரே வரிசையில். இந்தக் கணக்கைக் கூட்டித்தான் மேலே அறிக்கை அச்சடித்தார்கள்.

நீ சொல்லும் கண்டிப்பு வேறொரு சமயத்தில் நிஜமாகவே வந்தது. பம்பாயில் பிளேக் பரவியதும் 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம், நாலே பிரிவு. அரசு எந்த உத்தரவும் போடலாம், மீறினால் தண்டனை, அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் முறை கொண்டுவந்தார்கள். நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவர் பல நாள் அதிகாரிமுன் ஆஜராக வேண்டும். இதற்கெல்லாம் ஆளும் பணமும் கிடைத்தன. காரணம் புரிகிறது, பிளேக் துறைமுகத்தையும் வியாபாரத்தையும் தொட்டது. வருஷா வருஷம் வந்த வாந்திபேதிக்கு அந்த அவசரம் இருந்ததில்லை.

குடிநீர், வடிகால், கொசு, தாய்சேய் நலம், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே வந்த உருப்படியான சட்டம் 1939-ன் சென்னைப் பொதுச்சுகாதாரச் சட்டம். ராஜாஜி மந்திரிசபையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்த காலம். ஆண்டது வெள்ளைக்காரன்தான், ஆனால் சட்டம் போட்டது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். அது இன்னும் அமலில் இருக்கிறது. 2020-ல் முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதித்தது இதைத் திருத்தித்தான். ஆகவே உன் சாக்கடைக்கு வெள்ளைக்காரனைத் தேட வேண்டாம், 1939 சட்டத்தைக் காட்டிப் பஞ்சாயத்தில் மனுக் கொடு.

ஒரு உதவி. உன் பெரியப்பா 1980-ல் எம்.ஜி.ஆர். அந்தப் பதவிகளை ஒழிக்கும்வரை முன்சீப்பாக இருந்தவர் அல்லவா? அவருக்கும் முந்தியவர்கள் எழுதிய பதிவேட்டு நகல் எதுவும் பரணில் கிடந்தால், கரையான் தின்னாத பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்பு. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிச்சத்தில் வைத்து எடு.

அன்புடன்,
ராமலிங்கம்