இலையான்களை மருந்தால் மட்டும் ஒழிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும் மட்டக்களப்பு நகரிலும் அயற்கிராமங்களிலும் உள்ள மீன் சந்தைகளில் இலையான்கள் மொய்ப்பதும், முறைப்பாடு எழுந்த பின் குப்பைமேடுகளுக்கு மருந்து தெளிக்கப்படுவதும், இரண்டு கிழமைக்குள் அவை பழையபடி பெருகுவதும் வழக்கமாகிவிட்டன. மருந்தை மட்டும் நம்பியிருக்கும் வரை இந்நிலை மாறாது என்பதை, விலங்கியல் கற்பித்த ஒருவன் என்ற முறையில் தங்கள் பத்திரிகை வாயிலாக அறியத்தர விரும்புகிறேன்.

இலையானும் அதன் உறவுப் பூச்சிகளும் வாழாத சூழல் அரிது. அந்தாட்டிக்காவில் வாழும், இலையானுக்கு உறவான சிறகற்ற பூச்சியொன்றின் குடம்பி (புழுப்பருவம்), உடல்நீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இழந்த பின்பும் உயிர்தப்புகிறது. கலிபோர்னியாவில் மசகெண்ணெய் ஊறும் குட்டைகளிலேயே ஓர் இலையானின் குடம்பிகள், அதில் விழுந்து இறக்கும் பூச்சிகளைத் தின்று வளர்கின்றன. நம் வீட்டு இலையானுக்கு அத்தகைய தாங்குதிறன் இல்லை; அதன் பலம் வேகமே. ஒரு பெண் இலையான் தன் வாழ்நாளில் சுமார் 500 முட்டைகள் வரை இடும். நமது வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்து, பத்து நாள் அளவில் முழு இலையானாகிவிடும். குளிர்நாடுகளில் இதற்குப் பல வாரங்கள் செல்லும். தலைமுறைகள் இவ்வாறு விரைந்து மாறுவதால், மருந்துக்குத் தப்பியவற்றின் சந்ததியே எஞ்சிப் பெருகுகிறது. டி.டி.ரி. என்னும் பூச்சிமருந்து பாவனைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1940களின் பிற்பகுதியில், அதற்கு மசியாத இலையான்கள் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டன.

குப்பைமேட்டின் ஓரத்தை மண்வெட்டியால் கிளறிப் பார்ப்பவர்களுக்கு மருந்து தோற்கும் இடம் தெரியும். ஈரமான மீன்கழிவுக்குள் வெண்புழுக்கள் நெளியும். சற்றுத் தள்ளி, உலர்ந்த மண்ணுக்குள் சிவப்பரிசி போன்ற கூடுகள் கிடக்கும். வளர்ந்த புழு ஈரத்தை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடியே கூட்டுப்புழுவாகிறது. மேலே தெளிக்கும் மருந்து அந்தத் தடித்த ஓட்டைப் பெரும்பாலும் ஊடுருவுவதில்லை. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் மேற்பரப்புக் காய்ந்திருந்தாலும் உட்புறத்தில் ஈரம் நிற்பதால், வெயிலையும் நம்பியிருக்க இயலாது.

கருவாடு போடும் குடும்பங்களுக்கு ஏற்படும் நட்டம் தனியே சொல்லத்தக்கது. மீன் ஈரமாக இருக்கும் முதல் நாளில், குறிப்பாக மழை மூட்டத்தில் உலர்தல் தாமதிக்கும்போது, நீலப்பச்சை நிறப் பெரிய இலையான்கள் செவுளிலும் வெட்டுவாயிலும் முட்டையிடுகின்றன. நன்றாக உப்பிட்டு, நிலத்தில் பரப்பாமல் தட்டியில் உயர்த்தி, வலையால் மூடிக் காயவைத்தால் இச்சேதம் பெரிதும் குறையும். எக்காரணம் கொண்டும் கருவாட்டில் பூச்சிமருந்து படக்கூடாது.

எனவே மீன், இறைச்சிக் கழிவுகளை ஏனைய குப்பையுடன் கலக்காமல் மூடிய கொள்கலன்களில் நாள்தோறும் அகற்றவும், மற்றைய ஈரக்கழிவுகளைக் கிழமைக்கு இரு தடவையாவது எடுக்கவும், எடுக்கும்போது அடியிலுள்ள மண்ணையும் சுரண்டி அள்ளவும் பொறுப்பானவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். வாவிக்கரையில் கழிவு கொட்டப்படுவதும் உடன் நிறுத்தப்பட வேண்டும். அடுத்த மாரிக்கு முன்னரே இவ்வேலை தொடங்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மட்டக்களப்பு.