“துருவக்கரடியை மிக அருகில் காணலாம்” என்ற வரியை ஏன் நீக்கினோம்? ஸ்வால்பார்ட் பயணம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வரும் ஜூலையில் புறப்படவிருக்கும் ஸ்வால்பார்ட் கப்பல் பயணத்திற்கான புதிய கையேடு உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதைப் பழைய கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த சிலர், “துருவக்கரடியை மிக அருகில் காணலாம்” என்ற வரி இதில் இல்லையே என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி தவறுதலாக விடுபடவில்லை, யோசித்துத்தான் நீக்கினோம். பல ஆண்டுச் சேமிப்பை எடுத்து, மாதக்கணக்கில் முன்னதாகவே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களை நம்பி வருகிறவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஸ்வால்பார்ட், நார்வே நாட்டின் வட முனைக்கும் வட துருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில், வட அட்சரேகை 74 முதல் 81 பாகை வரை பரவிக் கிடக்கும் தீவுக்கூட்டம். 1920ஆம் ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கை அதன் ஆட்சியுரிமையை நார்வேக்கு அளித்தது. நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே துருவக்கரடியை வேட்டையாடுவது 1973இலேயே தடை செய்யப்பட்டது. ஆனால் துப்பாக்கியைத் தடுத்தால் மட்டும் போதாது, கேமராவையும் ஓரளவு தள்ளி நிறுத்த வேண்டும் என்ற நிலை கப்பல்கள் பெருகிய பிறகு வந்தது.

2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, மார்ச் முதல் நாளிலிருந்து ஜூன் 30 வரை துருவக்கரடியிடமிருந்து 500 மீட்டரும், ஆண்டின் மற்ற நாட்களில் 300 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். கரடி எதிர்பாராமல் அதைவிட நெருக்கத்தில் தென்பட்டுவிட்டால், அதற்குத் தொந்தரவில்லாதபடி நாம்தான் பின்வாங்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் செல்லக் கூடாது. அங்கே குறிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். கரையோடு ஒட்டி உறைந்திருக்கும் பனித்தளத்தைக் கப்பலால் உடைத்துக்கொண்டு போவதற்கும் தடை உண்டு. இந்த விதிகளை மதிக்கும் நிறுவனம் எதுவும் இனி “மிக அருகில்” என்று எழுத முடியாது. விதிகள் வந்த பிறகும் பழைய வரியையே ஒரு பருவம் முழுவதும் நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தது தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

விதி என்பதற்காக மட்டும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கரடி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால் 500 மீட்டர் என்பது நியாயமாகவே தோன்றும். துருவக்கரடியின் முக்கிய உணவு சீல். கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 பாகை செல்சியஸில் உறைந்து பனித்தளமாகும்போது, அடியில் வாழும் சீல்கள் மூச்சு விடுவதற்காக அதில் துளைகளைக் காத்து வைத்துக்கொள்கின்றன. கரடி அத்துளையின் ஓரத்தில் அசையாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும். வசந்தத்தில் சீல்கள் குட்டி ஈனும் காலந்தொட்டு கோடையின் தொடக்கத்தில் பனி உருகும் வரை கிடைக்கும் கொழுப்பை வைத்துத்தான் அது மீதி மாதங்களை ஓட்டியாக வேண்டும். முந்தைய குளிர்காலத்தில் பிறந்த குட்டிகளோடு தாய்க்கரடி திரிவதும் அதே மாதங்களில்தான். அந்த நேரத்தில் நாம் கேட்கும் இன்னும் ஒரு நிழற்படத்துக்காகக் கப்பல் நெருங்கி, கரடி எழுந்து நடந்துவிட்டால், அது இழப்பது ஒரு வேளைச் சாப்பாட்டை. கடல்பனி விரைவாகக் குறைந்துவரும் இக்காலத்தில் அந்த ஒரு வேளைக்கு மதிப்பு அதிகம். பனி விலகிய தீவுகளில் கரைக்கு வந்து வாத்துகளின் முட்டைகளைத் தின்று பசியாறும் கரடிகளைப் பற்றி ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார்கள்.

கடந்த கோடையில் எங்கள் குழுவோடு நானும் சென்றிருந்தேன். இரவு பதினொரு மணி. சூரியன் மறையாத காலம் என்பதால் மேல்தளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டிகளில் ஒருவர் கையை உயர்த்தினார், இயந்திரத்தின் ஒலி தணிந்தது. அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பனித்தட்டு ஒன்றின் மேல் கரடி படுத்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரு கறை போலத்தான் தெரிந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தபோதுதான் துருவக்கரடி வெள்ளை நிறம் அல்ல என்பது புரிந்தது: சுற்றிலும் இருந்த பனியின் நீலங்கலந்த வெண்மைக்கு நடுவே, அதன் மயிர் பசுவெண்ணெயின் மஞ்சளில் இருந்தது. மூக்கு மட்டும் கறுப்பு. நாற்பது நிமிடங்களில் அது ஒரே ஒரு முறை தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்து, மீண்டும் முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டது. எங்கள் குழுவில் ஒருவர், இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானா என்று வருத்தத்தோடு கேட்டார். அவருடைய ஏமாற்றத்துக்குக் காரணம் கரடி அல்ல, எங்கள் கையேடு. இந்த மடலுக்கான எண்ணம் அன்றிரவே தோன்றிவிட்டது.

நெருக்கம் மனிதருக்கும் ஆபத்துதான். 2018 ஜூலையில், ஸ்வால்பார்டின் வடக்கே உள்ள ஏழு தீவுகள் பகுதியில், ஒரு பயணக் கப்பலின் காவலர் கரையிறங்கிய இடத்தில் கரடியால் தாக்கப்பட்டுக் காயமுற்றார்; கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. அதனால்தான் ஒவ்வொரு கரையிறக்கத்தின்போதும் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் முதலில் இறங்கி, சுற்றுப்புறத்தை நன்கு பார்த்த பிறகே ரப்பர் படகுகளை அழைக்கிறார்கள். மூடுபனி இறங்கினால் கரையிறக்கம் ரத்தாகும். உடை மாட்டி, உயிர்காப்புச் சட்டை அணிந்து, வரிசையில் நின்ற பிறகும் ரத்தாகலாம். அப்படிச் சொல்லும் வழிகாட்டியோடு தயவுசெய்து வாதாட வேண்டாம்.

இனி, பயணத் திட்டம் பற்றி. கையேட்டில் நாள்வாரியாக இடப்பெயர்கள் இருந்தாலும் அதை ரயில் கால அட்டவணை போல எண்ணிவிடாதீர்கள். நார்வே வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனி வரைபடத்தைப் பார்த்துத்தான் கேப்டன் அடுத்த நாள் வழியை முடிவு செய்கிறார். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் நூர்டாஉஸ்ட்லாந்து தீவுக்கும் நடுவே உள்ள ஹின்லோப்பன் நீரிணை சில ஆண்டுகளில் ஜூலையிலும் பனிக்கட்டிகளால் அடைபட்டுக் கிடக்கும். அப்படி நேர்ந்தால் கப்பல் வந்த வழியே திரும்பி, மேற்குக் கரையின் நீள்குடாக்களுக்குப் போகும். அங்கே பனியாற்றின் முகப்பருகே இயந்திரத்தை அணைத்துவிட்டுப் படகில் உட்கார்ந்திருந்தால், மிதக்கும் பனிக்கட்டிகளிலிருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற மெல்லிய ஓசை நாலாபுறமும் கேட்கும். நெடுங்காலத்துக்கு முன் விழுந்த பனியோடு சேர்ந்து அமுங்கிப்போன காற்றுக் குமிழிகள் உருகும் கட்டியிலிருந்து வெடித்து வெளியேறும் ஓசை அது.

ஜூன் நடுவில் இருந்த பயணத்தை ஜூலை பிற்பகுதிக்கு ஏன் மாற்றினீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 500 மீட்டர் 300 ஆகக் குறைகிறது என்பதற்காக அல்ல. ஜூனில் கடல்பனி அதிகம் என்பது உண்மை. பனியை மட்டுமே காண விரும்புகிறவர்களுக்கு அம்மாதமே மேல். ஆனால் என் கணிப்பில், இப்பயணத்தின் மிகப் பெரிய காட்சி கரடி அல்ல, ஹின்லோப்பன் கரையில் உள்ள ஆல்கெஃபியெல்லெட் என்ற பறவைப் பாறை. கடலிலிருந்து செங்குத்தாக எழும் கருங்கற் சுவரில் ஏறத்தாழ 60,000 இணை கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கூடு கட்டுவதில்லை, வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறக்கச் சிறகு முற்றாத நிலையிலேயே, அது அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கிறது. கீழே தந்தைப் பறவை அழைக்கிறது; பிறகு இரண்டும் சேர்ந்து நீந்திக் கடலுக்குள் போய்விடுகின்றன. பாறைக்கும் நீருக்கும் இடையே தவறி விழும் குஞ்சுக்காக நரிகள் காத்திருக்கும். குதிக்கும் பருவம் ஜூலையின் பிற்பகுதியில் தொடங்குவதால்தான் தேதியை மாற்றினோம். நீரிணை திறந்திருந்தால் இதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. ஸ்வால்பார்ட் செல்லத் தனி விசா தேவையில்லை. ஆனால் அது, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்லோ வழியாகப் போய் அதே வழியில் திரும்புவதால் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஆகவே ஒரு முறை நுழைவுக்கான விசா போதாது. இருமுறை அல்லது பலமுறை நுழைவுக்கு விண்ணப்பியுங்கள். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியன் நகரில் இருப்பது சிறு மருத்துவமனை. கடுமையான நோயாளிகளை விமானத்தில் நார்வே பெருநிலத்தில் உள்ள த்ரொம்சோ நகருக்குக் கொண்டுபோவார்கள். எனவே மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாதவர்களை எங்களால் அழைத்துச் செல்ல இயலாது. காலணி அடியிலும் பையின் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும் விதைகளையும் மண்ணையும் வீட்டிலேயே சுத்தம் செய்துவிடுங்கள். கப்பலிலும் ஒருமுறை சோதிப்பார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கிவரும் நூ-ஆலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் இறங்க வாய்த்தால், கைபேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். அங்குள்ள நுண்ணிய கருவிகளை அவை குழப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு பைனாகுலர் கொண்டு வாருங்கள். தம்பதியர் ஒன்றை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். கரடி தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் அது கைமாறிக்கொண்டிருக்கும்.

பழைய கையேட்டைப் படித்து, கரடியை நெருங்கிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் முன்பணம் செலுத்தியவர்கள் இப்போது விலக விரும்பினால், இம்மடல் கிடைத்த முப்பது நாட்களுக்குள் தெரிவியுங்கள். பிடித்தம் ஏதுமின்றி முழுத் தொகையையும் திருப்பித் தருவோம். வருவதாக முடிவு செய்பவர்கள், விசா விண்ணப்பத்துக்கான கடவுச்சீட்டு நகலையும், மருத்துவர் கையொப்பமிட்ட உடல்நலப் படிவத்தையும் அதே கெடுவுக்குள் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
நிறுவன உரிமையாளரும் பயண ஏற்பாட்டுக் குழுவினரும்