ஈரச் சுவருக்கு மேல் பெயின்ட் பூசியது தொடர்பான முறைப்பாடு

தலவாக்கலை,
ஜூன் மாதக் கடைசி.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு உங்கள் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னறைச் சுவருக்குப் பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் பூசிவிட்டுப் போனார்கள். ஐந்து வருட உத்தரவாதம் என்று அட்டையும் தந்தார்கள். மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. இப்போது அந்தச் சுவர் முழுக்கப் பெயின்ட் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. நகத்தால் கீறினால் தண்ணீர் வடிகிறது, உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம். முன்பு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருந்ததை இப்போது பெயின்டுக்குப் பின்னால் வளர்க்கிறோம், அதுவும் காசு கொடுத்து.

எங்கள் வீடு மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டியது. பின்சுவரின் அடிப்பாதி மண்மேட்டோடு ஒட்டியே இருக்கிறது. மேட்டில் ஊறும் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்குகிறது. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே மண்ணை எடுத்து, கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு பூசுவதென்றாலும் சுவரின் வெளிப்பக்கம்தான் பூச வேண்டும். தோட்டத்தில் கான் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். இதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை. பார்வையிட வந்த உங்கள் பிரதிநிதியிடமும் சொன்னோம். அவர் வீட்டின் பின்பக்கம் போகவே இல்லை. அறைக்குள் நின்றபடி சதுர அடியை அளந்தார், விலையைச் சொன்னார், முற்பணம் கேட்டார். காய்ந்த சுவரில் மட்டுமே பூச வேண்டும் என்று உங்கள் பெயின்ட் வாளியிலேயே சிறிய எழுத்தில் போட்டிருப்பதை வேலை முடிந்த பிறகுதான் வாசித்தோம். அதை முதலில் வாசித்திருக்க வேண்டியவர்கள் உங்கள் ஆட்கள்.

முறைப்பாடு சொல்லித் தொலைபேசியில் அழைத்ததும் அதே பிரதிநிதி மறுபடி வந்தார். இந்த முறை குற்றம் எங்கள்மேல். வீட்டுக்குள் துணி காயப்போடுகிறீர்கள், விறகு எரிக்கிறீர்கள், அதனால்தான் சுவர் கறுக்கிறது என்றார்.

துணி காயப்போடுவது உண்மைதான். ஜூன், ஜூலையில் தலவாக்கலையில் வேறு எங்கே காயப்போடுவது? ஆனால் துணி தொங்குவது முன்னறையில், அங்கே சுவர் சுத்தமாக இருக்கிறது. விறகடுப்பு வீட்டோடு சேராத தனிக் குசினியில். புகைக்கரியைத் தேய்த்தால் கையில் கரி ஒட்டும், பூஞ்சண வாடை அடிக்காது. இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பார்த்தோம். அறைக் காற்றின் ஈரம் என்றால் துளிகள் பொலித்தீனின் வெளிமுகத்தில் படிய வேண்டும். நின்றதோ உள்முகத்தில், சுவர்ப் பக்கம். சுவரின் அடியில் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தால் அந்தத் தண்ணீரில் உப்பு இராது. மண்ணிலும் கல்லிலும் சாந்திலும் ஊறி வருகிற தண்ணீர்தான் காயும்போது உப்பை விட்டுப்போகும். படங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

அப்புறம் அவர், காற்றில் எவ்வளவு பூஞ்சண வித்து இருக்கிறது என்று பரிசோதிக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். எதற்கு? உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில் இத்தனை வித்து வரை பரவாயில்லை என்று எந்த எல்லையும் இல்லை. நீடிக்கும் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வரவிடாமல் தடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பேச்சு. கண்ணால் பார்த்து மூக்கால் முகர்ந்த பிறகு எண்ணிக்கை தெரிந்து என்ன செய்ய?

வேலை செய்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் படுப்பது அம்மா, அவருக்கு இளைப்பு வருத்தம். உங்கள் ஆட்கள் மெத்தையைக்கூட வெளியே எடுக்காமல் காய்ந்த பூஞ்சணத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டினார்கள். அப்படிச் சுரண்டினால் வித்து அறை முழுக்கப் பறக்கும். நனைத்துத் துடைத்து எடுத்திருக்க வேண்டும். மிச்சத்துக்குக் குளோரின் தண்ணீர் தெளித்து, செத்துவிட்டது என்று சொல்லி அதன் மேலேயே பெயின்ட் பூசினார்கள். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? பனி உள்ளே வரும் என்று ஜன்னலையும் சாத்தச் சொன்னார்கள். பெயின்டின் ஆவி வெளியே போக வழியில்லாமல் அம்மா அன்றிரவு பக்கத்து வீட்டில் படுத்தார். இப்போது முன்னறையில் படுக்கிறார், மருந்து கூடியிருக்கிறது.

அதே பெயின்டை இன்னொரு தடவை பாதி விலைக்குப் பூசித் தருகிறோம் என்கிறீர்கள். வேண்டாம். பெயின்டுக்கும் கூலிக்கும் நாங்கள் கொடுத்த முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பூசியதைச் சாந்து தெரியும் வரை உரித்து எடுக்கும் செலவும் உங்களுடையது. மேல் பூச்சு போனால்தான் சுவர் மூச்சு விட்டுக் காயும். உரிக்க வருகிறவர்கள் முகமூடியோடு வரட்டும், அறையை மற்ற அறைகளிலிருந்து பொலித்தீனால் மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். கானை நாங்களே வெட்டிக்கொள்கிறோம், அதற்கு உங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எங்களுக்கு அந்தத் தவணை ஜூலை நடுவில் முடிகிறது. 10ஆம் திகதிக்குள் உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, படங்கள் எல்லாம் அதிகார சபைக்குப் போகும். தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயர் உள்ள வாடிக்கையாளர்