துப்பாக்கி மருந்து அளவை ஏன் இனி சீட்டில் எழுதித் தர மாட்டோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாகவே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் துப்பாக்கிக் கடைக்குப் புதிதாகத் தோட்டா கட்டப் பழகுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டில் புதுப் பிரைமர் (மருந்தைப் பற்ற வைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு வைத்துத் தோட்டாவை மறுபடி தயாரிப்பதைத்தான் தோட்டா கட்டுவது என்கிறோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் தம்பிமார்தான் அதிகம். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "அண்ணா, 6.5 கிரீட்மூருக்கு எத்தனை கிரெய்ன் மருந்து போடணும், ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்களேன்." (6.5 கிரீட்மூர், .308 என்பவை தோட்டா வகைகள், கிரெய்ன் என்பது மருந்தை நிறுக்கும் சின்ன எடை.) இதுவரை சிலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறோம். இனி கொடுக்கப் போவதில்லை. சிலருக்கு இது வருத்தமாக இருக்கும் என்று தெரியும், அதனால்தான் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் .308க்குத் தோட்டா கட்டப் பழகிய முதல் வருடம், சுடுதளத்தில் பார்த்த பெரியவர் ஒருவர் பில்லின் பின்பக்கத்தில் தன் அளவை எழுதிக் கொடுத்தார். இங்கே குளிர்காலமான ஜூலை மாதம், மிட்லண்ட்ஸில் பனி உறைந்து கிடந்த காலையில் அவர் சுட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான், ஐந்து குண்டும் ஒரே இடத்தில் போய் விழுந்தது. அதே குண்டு, அதே மருந்து, அதே அளவு என்று கட்டிக்கொண்டு பிப்ரவரி மாத வெயிலில் நம் ஊர்ப் பக்கம் போனேன், தோட்டாப் பெட்டி காருக்குள்ளேயே கிடந்தது. நான்காவது வெடியில் போல்ட் (துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு) மேலே தூக்க வரவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வெளியே வந்த பித்தளைக் கூட்டின் அடியில், எழுத்து பொறித்த இடத்துக்குப் பக்கத்தில், எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முள்) துளையின் வட்டம் பளபளவென்று பதிந்திருந்தது. பிரைமரின் உருண்டை விளிம்பு காணாமல் போய்ச் செல்லாக்காசு மாதிரி தட்டையாகியிருந்தது. எல்லாம் அழுத்தம் எல்லை மீறியதன் அடையாளம். அன்று ஆபத்து ஒன்றும் நேரவில்லை. அந்தக் கூட்டைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இன்னும் வைத்திருக்கிறேன், கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.

பெரியவர் எழுதியதில் பிழையே இல்லை, அவருடைய துப்பாக்கிக்கு அது சரியான அளவுதான். ஆனால் அவர் வைத்திருந்தது கடையில் வாங்கிய கூடு, என்னுடையது ராணுவக் கூடு. ராணுவக் கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும், உள்ளே இடம் குறையும், இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தம் தரும். அதோடு வெயிலில் சூடேறிய மருந்து. அவருடைய குழலின் தொண்டை, அதாவது குழலுக்குள் சுருள் வரிகள் தொடங்கும் முன் உள்ள பகுதி, நீளமாக இருந்திருக்கவும் கூடும், என் குண்டு வரிகளுக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். இதில் எதையும் அந்தச் சீட்டு சொல்லவில்லை, ஒரு சீட்டால் சொல்லவும் முடியாது. ஒரு ரைஃபிள் தோட்டாவுக்குள் வெடிக்கும் நொடியில் சுமார் 4,000 பார் அழுத்தம் எழும்புகிறது, உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார். அது உங்கள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது.

இன்னொன்று, கையெழுத்து. நம் நாட்டிலேயே தயாராகும் சோம்கெம் மருந்தைத்தான் இங்கே அதிகம் பேர் வாங்குகிறார்கள். அதில் எஸ் 335 என்று ஒன்று, எஸ் 365 என்று ஒன்று. முன்னது வேகமாக எரியும், பின்னது மெதுவாக எரியும். அவசரத்தில் எழுதிய 6 ஒன்று 3 மாதிரி தெரிந்துவிட்டால், மெதுவான மருந்துக்கு உரிய அளவு வேகமான மருந்தில் போய்ச் சேரும். அதற்குப் பிறகு நடப்பதை எழுதவே மனம் வரவில்லை. வெளிநாட்டு மருந்திலும் இதே கதை உண்டு: எச் 4350, ஐ.எம்.ஆர் 4350 இரண்டும் எண்ணில் ஒன்று, மருந்தில் வேறு வேறு. அதனால் மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு டப்பா, அதுவும் அதன் சொந்த டப்பாவிலேயே. வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டாம், பெயர் ஒட்டிய ஜாம் போத்தல் கூட வேண்டாம்.

சரி, சீட்டு இல்லையென்றால் என்ன செய்வது? மருந்து செய்கிறவர்களின் கையேட்டை எடுங்கள். உங்கள் மருந்து, உங்கள் குண்டின் எடை, இரண்டும் சேர்ந்த பக்கத்தில் ஆரம்ப அளவு என்று ஒன்று இருக்கும். அங்கேதான் தொடங்க வேண்டும், நடுவில் தாவ வேண்டாம். சின்னச் சின்னப் படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் சில தோட்டா கட்டி, சுட்டு, கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்து அடுத்த படிக்குப் போங்கள். போல்ட் இறுகினாலோ, கூட்டின் அடியில் பளபளப்பான தடம் தெரிந்தாலோ, அங்கேயே நிறுத்துங்கள், கட்டி வைத்த மிச்சத் தோட்டாவை எடுத்துப் பிரித்துவிடுங்கள். தடம் தெரியவில்லை என்பதால் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டவும் கூடாது, அந்தத் தடமெல்லாம் அழுத்தம் எல்லை மீறிய பிறகே வரும் சங்கதி. அப்புறம், கூடு, பிரைமர், குண்டு, குண்டு உட்காரும் ஆழம் இதில் எதை மாற்றினாலும் மறுபடி கீழிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது என்ன செய்தது என்று பிடிபடும்.

எங்கள் கடையில் அதிகம் வரும் கேள்விக்கு வருகிறேன், "தொலைவில் ஏன் குண்டு மேலும் கீழும் போகிறது?" 100 மீட்டரில் எல்லாம் ஒரே ஓட்டையில் விழுகிறது, 1,000 மீட்டரில் பலகையே கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகும் 6.5 குண்டு ஒன்றுக்கும், அதைவிட நொடிக்கு 15 மீட்டர் மெதுவாகப் போகும் இன்னொன்றுக்கும் 100 மீட்டரில் வித்தியாசம் சுமார் மூன்று மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. 1,000 மீட்டரில் அதே வித்தியாசம் ஒரு அடியைத் தாண்டிவிடும். அதனால் 100 மீட்டர் தாளை வைத்து மட்டும் நல்ல தோட்டா என்று முடிவு கட்டாதீர்கள், க்ரோனோகிராஃபில் வேகத்தை அளக்க வேண்டும். மூன்று வெடியில் கிடைத்த சின்ன வட்டத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று வெடி என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதே தோட்டாவைப் பத்து சுட்டு, பத்து வேகத்தையும் எழுதி வையுங்கள், அப்போது தெரியும் உண்மை முகம்.

வேகம் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் எடை ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம், நாம் பேசும் 0.1 கிரெய்ன் என்பது ஒரு அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்குதான். மின்விசிறிக் காற்று பட்டாலே தராசு ஆடிவிடும். மின்தராசை முன்னதாகவே ஆன் செய்து நன்றாகச் சூடேற விடுங்கள், சோதனை எடையை வைத்துப் பாருங்கள், வேலையின் நடுவிலும் இரண்டொரு தடவை பாருங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நல்ல தராசு, நல்ல கேலிப்பர் (நீளம் அளக்கும் கருவி), கையேடு, சாதாரண பிரஸ் (கூட்டை அழுத்தும் கருவி), சரியான டை (கூட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சு). கூட்டின் கழுத்தைச் சீவும் கருவி, கழுத்தைச் சூடுகாட்டிப் பதப்படுத்தும் இயந்திரம் எல்லாம் நம்மிடம் விற்பனைக்கு உண்டு, ஆனால் முதல் வருடம் வாங்காதீர்கள், நீங்களே பிடிவாதமாகக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மறுபடி கட்டும் முன் சுட்ட கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) டையால் பின்னுக்குத் தள்ளுவது 0.05 மில்லிமீட்டர் போதும். டையை அடி வரை இறக்கி மிதித்தால், கூடு ஒவ்வொரு முறையும் நீண்டு நீண்டு அடிப்பக்கத்தில் ஒரு வெளிர் வளையம் தோன்றும், பிறகு அங்கேயே அறுந்துவிடும். கூட்டின் நீளத்தையும் கேலிப்பரால் பாருங்கள், .308க்கு உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். குண்டு உட்காரும் ஆழத்தை முனையிலிருந்து அளக்க வேண்டாம், குண்டுக்குக் குண்டு முனை மாறும், ஒரே பெட்டியிலேயே மாறும். கேலிப்பரில் கம்பரேட்டர் (குண்டின் வளைவைப் பிடித்து அளக்க உதவும் துண்டு) மாட்டி, குண்டின் தோள்பட்டை வளைவிலிருந்து அளப்பதுதான் சரி.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மைத்துனரின் ஸ்கோப் (துப்பாக்கித் தொலைநோக்கி) கிளிக் கணக்கை, அதாவது தூரத்துக்கு ஏற்பக் குறியைத் திருப்பும் அளவை, அப்படியே எடுத்து வருகிறவர்களுக்கு: அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு, குண்டு அங்கே குறைவாகவே இறங்கும். கடலோரத்தில் நம் காற்று கெட்டி. அவர் கணக்கு இங்கே செல்லாது.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நீங்கள் கட்டுவது உங்கள் உரிமத்தில் உள்ள துப்பாக்கிக்கு, உங்கள் சொந்த உபயோகத்துக்கு. நண்பருக்குக் கட்டிக் கொடுப்பதோ விற்பதோ கூடாது. டெடிகேட்டட் தகுதி (அங்கீகாரம் பெற்ற வேட்டை அல்லது சுடும் சங்க உறுப்பினருக்கான தகுதி) இல்லாதவர்களுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2,400 பிரைமர் என்பது எல்லை. பிரைமரும் மருந்தும் கேட்டால் உரிமத்தைக் காட்டச் சொல்வோம், பத்து வருடப் பழக்கம் என்றாலும் கேட்போம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீட்டுக்குப் பதிலாக நாங்கள் செய்யப்போவது இது. சனிக்கிழமை காலையில் உங்கள் துப்பாக்கியின் அளவு விவரம், நீங்கள் சுட்ட கூடு ஐந்தாறு, வாங்கிய குண்டுப் பெட்டி இவற்றோடு வாருங்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கடைக்குள் கொண்டு வர வேண்டாம். கையேட்டை மேசையில் விரித்து, உங்கள் பக்கத்தை நீங்களே கண்டுபிடித்து, உங்கள் நோட்டில் உங்கள் கையாலேயே எழுதும் வரை கூட உட்காருவேன். முதல் தடவை சுடப் போகிறவர்களுக்குக் கடையின் க்ரோனோகிராஃபை இரவலாகத் தருகிறோம், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதும், அப்போது எழுதிய வேகக் கணக்கையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். முன்பு நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு யாரிடமாவது இருந்தால், அதை வைத்து ஒரு தோட்டாவும் கட்டாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து