சர்வே எண்ணைப் போட்டால் தண்ணீர் விதியும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராசிபுரம் பக்கம் மூன்றரை ஏக்கரில் மரவள்ளியும் கொஞ்சம் பாக்கும் வைத்திருக்கும் விவசாயி. போன பங்குனியில் எங்கள் போர்வெல் நின்றுபோனது. புதிதாக ஒன்று போடலாமா, அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே ஐந்து வாரம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்ததைச் சொல்லவும், ஒரு கோரிக்கை வைக்கவும் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது ஊராட்சி அலுவலகத்துக்கு. கிணறோ போர்வெல்லோ தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும், ரிக் வண்டியும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து சாவதைத் தடுக்க 2010-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை ஒட்டி வந்த விதி அது. 15 நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும்; வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும்; கேசிங் குழாய்க்கு வெல்டிங் வைத்த மூடி போட வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் நான்கு நாள் போராடியும் ஒரு குழந்தையை உயிரோடு எடுக்க முடியாமல் போனதே, அதற்குப் பிறகு இந்த விதி வேண்டாம் என்று எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டான். ஆனால் இந்த விதி பார்ப்பது கிணற்றின் வாயைத்தான். அடியில் கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பது வேறொரு துறை.

"ஐயா, உங்க பிர்கா சிவப்புல வருதான்னு மொதல்ல பாத்துக்குங்க" என்றார் அங்கே இருந்த தம்பி. பிர்கா என்பது பல கிராமம் சேர்ந்த, வருவாய்த் துறையின் குறுவட்டம்; தண்ணீரை அளவுக்கு மீறி எடுக்கும் பிர்காவைத்தான் சிவப்பு என்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்து ஏறிய மூன்று இடத்தில் மூன்று பதில் கிடைத்தது. விவசாயத்துக்கு ஒன்றும் தேவையில்லை என்றார் ஒருவர். சிவப்பு பிர்காவில் போடவே கூடாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மேலிடத்தில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். யாரும் என்னை விரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் மேசையிலும் காட்டுவதற்கு ஒரு வரைபடம் இல்லை, அவ்வளவுதான்.

ஓர் ஆண்டில் எடுக்கத்தக்க தண்ணீரில் எத்தனை சதவீதம் எடுக்கப்படுகிறது என்று ஒவ்வொரு பிர்காவுக்கும் கணக்குப் போடுகிறார்கள். 70 வரை பாதுகாப்பானது, 90 தாண்டினால் நெருக்கடி, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. 2017 கணக்கில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 462 அதிநுகர்வு. 2020-ல் அது 435 ஆனது. அதாவது, சில பிர்காக்களின் வகையே மூன்று வருடத்தில் மாறியிருக்கிறது. மாறியது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா? எங்கள் பிர்கா அதிநுகர்வில் இருப்பதே எனக்கு இந்த அலைச்சலில்தான் தெரிந்தது. நாற்பது வருடமாக அதே மண்ணில் உழுகிறேன்.

சட்டத்தின் கதையும் இதே மாதிரி துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. சென்னைக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் 1987-ல் தனிச் சட்டம் வந்தது. அதற்குள் மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டிருந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. பத்து வருடம் நடைமுறைக்கே வராமல் கிடந்து 2013-ல் நீக்கப்பட்டது. அடுத்த வருடம் ஜூலையில் அரசாணை 142 வந்தது. பிர்கா வகையை வைத்துத் தடையின்மைச் சான்று கொடுப்பதும் மறுப்பதும் அதன்படிதான். கேன் தண்ணீர் ஆலைகள் அதை எதிர்த்துப் போக, 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. இதெல்லாம் போதாதென்று, இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் சான்று கொடுப்பது அந்த ஆணையம் அல்ல, மாநில அரசு. என் மகன் ஒரு ராத்திரி முழுக்க அதைப் படித்துவிட்டு, காலையில் நமக்குச் சம்பந்தமில்லாததைப் படித்துவிட்டேன் அப்பா என்றான்.

இனி எங்கள் தோட்டத்துக் கதை. பக்கத்துத் தோட்டத்தில் தை மாதம் ஆயிரம் அடி போட்டார்கள். திருச்செங்கோடு ரிக்குதான், ராத்திரி முழுக்க ஓடியது. விடியும்போது எங்கள் பாக்கு மட்டையெல்லாம் வெள்ளைக் கல்பொடி. எழுநூறு அடிக்குக் கீழே பொடி ஈரமாக வந்தது, பிறகு தண்ணீர் பீச்சியடித்தது. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். இரண்டு மாதத்தில் எங்கள் குழாயில் காற்று வந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நானும் நீரோட்டம் பார்க்க ஆள் கூட்டி வந்தேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தோட்டத்தின் கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே ஒரு குச்சி நட்டோம். ரிக்குக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பும்போது, ஊராட்சித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டர் வழியில் பார்த்து, "மாமா, அந்த மூலையில போட்டீங்கன்னா காலனிக்குத் தண்ணி ஏறாதுங்க" என்றார். அப்போதுதான் நடந்து அளந்து பார்த்தேன். குச்சிக்கும் ஊராட்சியின் குடிநீர் போர்வெல்லுக்கும் நடுவில் எழுபது தப்படி. வேலிக்கு அந்தப்புறம் இருந்ததால் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஐந்து வாரத்தில் ஓர் அலுவலகத்திலும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் முன்பணம் கொடுக்கவில்லை.

ஆந்திராவில் 2002-ல் வந்த நீர், நிலம், மரச் சட்டத்தில், பொதுக் குடிநீர்க் கிணற்றுக்கு 250 மீட்டருக்குள் புதுக் கிணறு தோண்டக் கட்டுப்பாடு உண்டு. மகாராஷ்டிரத்தில் 1993-லேயே 500 மீட்டர் என்று வைத்தார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீட்டரில் சொன்ன விதியை ஒரு விவசாயி தன் காலாலேயே அளந்துவிடலாம். பிர்காவை யாரால் அளக்க முடியும்?

பிர்கா என்ற அலகே எங்கள் பாறை நிலத்துக்குப் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு கடினப்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் நிற்கிறது. ஒரு வயலில் பீச்சும், வரப்பைத் தாண்டினால் வெறும் பொடி வரும். ஒரு பிர்காவில் பல கிராமம் அடக்கம். ஏரி நிறைந்த ஊரையும் ஏரி காய்ந்த ஊரையும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரே கலர் அடித்தால், இரண்டு ஊருக்கும் அது உண்மையாக இருக்காது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுக்க நீர்த்தாங்கிப் பாறைகளை வரைபடமாக்கி வருகிறது. மாநிலத்திலும் கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் அளக்கிறார்கள். அந்த உழைப்பு அறிக்கைக்குள் இருக்கிறது, எங்கள் கைக்கு வரவில்லை.

என் கோரிக்கை இதுதான். பட்டாவும் புலப்படமும் இன்றைக்குச் சர்வே எண்ணைப் போட்டால் கைபேசியில் வந்துவிடுகின்றன. அவற்றுக்குக் கீழேயே இன்னும் சில வரி தமிழில் வர வேண்டும். இந்த நிலம் எந்தப் பிர்கா, அதன் வகை என்ன, அது எந்த ஆண்டுக் கணக்கு. வீட்டுக்கு, விவசாயத்துக்கு, தொழிலுக்கு என்று எதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். பக்கத்துப் பொதுக் குடிநீர்க் கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது. கைபேசி பார்க்காதவர்களுக்கு இதே வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சிவப்பு என்று தெரிந்தால் நிலத்தின் விலை விழும் என்று எங்கள் ஊரிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். விழட்டுமே. விஷயம் தெரியாமல் கடன் வாங்கி நிலம் வாங்கி, மூன்று போர் போட்டு மூன்றும் பொடியாகிப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். இன்னொரு பயம் எனக்கும் உண்டு. வரைபடம் வந்தபின் அது சின்ன விவசாயியை மட்டும் மிரட்டுகிற கோலாகிவிடக் கூடாது. அதனால் லாரிக்கும் ஆலைக்கும் கொடுத்த அனுமதிகளும், நாளுக்கு எத்தனை லிட்டர் என்ற அளவோடு, அதே வரைபடத்தில் இருக்க வேண்டும். எங்கள் போர்வெல் எங்கே இருக்கிறது என்பதை ஊர் பார்க்கலாம் என்றால், அவர்களுடையதையும் ஊர் பார்க்கட்டும்.

அப்புறம், ரிக் வண்டிக்காரர்கள். பதிவு பெற்ற வண்டி என்பதால் அவர்களை இதில் சேர்ப்பது எளிது. கம்பத்தைத் தூக்குமுன் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை நிலத்துக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி போதும். கிழக்கு மூலையில் நான் நட்ட குச்சி இன்னும் அங்கேதான் நிற்கிறது. இந்த ஆனிக்குள் மழை வராவிட்டால் பாக்கு காய்ந்துவிடும். தோட்டத்தில் வேறெங்கே போடலாம், போடவே கூடாதா என்று எனக்குச் சொல்ல ஒரு வரைபடம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்