சண்டே மேட்ச்சுக்கு இது போதும்னு சொன்னீங்களே, அதுக்கான புகார்

அனுப்புநர்: பாகூர் பக்கத்துல ஒரு சின்ன கிரிக்கெட் க்ளப்போட கிட் பேக்கை பாத்துக்கறவன், புதுச்சேரி யூனியன் பிரதேசம் (தமிழ்நாடு இல்ல, இந்த வரியை ரெண்டு தடவை படிங்க)

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர், அவருக்கும் மேல யார் இருக்காங்களோ அவங்க

பொருள்: ஹெல்மெட், க்ளவுஸ், லெக் பேடு. அடிக்கிற பேட் இல்ல, கால்ல கட்டற பேடு.

ஐயா / மேடம்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதற ஆறாவது மெயில். முதல் அஞ்சுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ஒரே பதில் தான் வந்துச்சு. அதனால மரியாதையா தான் ஆரம்பிக்கறேன், முடிக்கறப்ப எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல, கோவிச்சுக்காதீங்க.

என்ன வாங்குனோம்னு உங்க சிஸ்டத்துல இருக்கும். அந்த நேவி ப்ளூ ஹெல்மெட் ரெண்டு, பின்னாடி சக்கரத்தை திருப்பி டைட் பண்றது இருக்கே, அதே தான். கூட லெஃப்ட் ஹேண்ட் க்ளவுஸ் ஒரு ஜோடி, லெஃப்ட் ஹேண்ட் லெக் பேடு ஒரு ஜோடி, தொடைக்கு கட்டற தை பேடு ரெண்டு, கழுத்துக்கு மாட்டற கார்டு ரெண்டு. மொத்தம் 18,460 ரூபாய். உங்களுக்கு இது சில்லறையா இருக்கலாம் சார். எங்க க்ளப்ல பதினாலு பேரு, மூணு பேர் காலேஜ் பசங்க, ஒருத்தர் மீன் ஏலம் எடுக்கறவர், ஒருத்தர் சிப்காட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்காம நேரா கிரவுண்டுக்கு வர்றவர். ஆளுக்கு மாசம் இருநூறு ரூபா போட்டு ஏழு மாசம் சேத்த காசு. மிச்சம் இருந்ததுல ரெண்டு பந்து வாங்குனோம், அவ்ளோ தான்.

நடந்தது என்னன்னா, ஞாயித்துக்கிழமை மேட்ச், மேட் விக்கெட். கீழ சிமெண்டு, மேல மேட் விரிச்சா பந்து எப்படி எகிறும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க ஓப்பனர் பையன், லெஃப்டி, காலேஜ் செகண்ட் இயர், ஷார்ட் பந்தை புல் ஷாட் அடிக்க போனான், பேட்டோட மேல் விளிம்புல பட்டு (டாப் எட்ஜ்) நேரா முகத்துக்கு வந்துடுச்சு. ஹெல்மெட் போட்டிருந்தான். உங்க ஹெல்மெட் தான். பந்து, நெத்திக்கு மேல நீட்டிட்டு இருக்கற பீக்குக்கும் முகத்துக்கு முன்னாடி இருக்கற கம்பி கிரில்லுக்கும் நடுவுல பூந்து உள்ள போய் மாட்டிக்கிச்சு. அவன் கீழ விழுந்துட்டான், ஹெல்மெட்டை பந்தோட சேத்து தான் கழட்டுனோம். கண்ணுக்கு கீழ மூணு தையல். அவங்க அம்மா கிட்ட போன்ல நான் தான் சொன்னேன், அந்த போனை நீங்க யாராவது பண்ணியிருக்கணும்.

அன்னிக்கு நைட்டே ரெண்டாவது ஹெல்மெட்டை எடுத்து புது பந்தை அந்த இடைவெளியில வச்சு பாத்தேன். கையால அமுக்குனா பாதி உள்ள போகுது, கொஞ்சம் தள்ளுனா முழுசா போகுது. ஆம்பளைங்க ஆடற பந்து சுத்தளவு 22.4ல இருந்து 22.9 சென்டிமீட்டர், அதாவது குறுக்க ஏழு சென்டிமீட்டருக்கு மேல, வெயிட் 156ல இருந்து 163 கிராம். கை வச்சாலே உள்ள போற பந்து பவுலர் கையில இருந்து வந்தா நிக்குமா? கிரில் ஸ்க்ரூவுக்கு மூணு ஓட்டை குடுத்திருக்கீங்க, எந்த ஓட்டையில மாட்டணும்னு ஒரு துண்டு பேப்பர் கூட பெட்டியில இல்ல, வந்தப்பவே அகலமா இருக்கற ஓட்டையில தான் மாட்டி வந்துச்சு. நான் ஒரு ஸ்க்ரூவ கூட தொடல, சத்தியமா.

பிஎஸ் 7928:2013னு கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கு ஒரு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு இருக்கு, உங்களுக்கு தெரியாம இருக்காது. பந்து கிரில்லுக்கு நடுவுல பூந்து முகத்துல படுதான்னு தனியா டெஸ்ட் பண்ற ஸ்டாண்டர்டு. பெரியவங்க பந்துக்கு ஒண்ணு, பசங்க பந்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா டெஸ்ட் பண்ணி, எதுக்கு பாஸ் ஆச்சுன்னு ஹெல்மெட் உள்ள லேபிள்ல போடணும். இன்டர்நேஷனல் மேட்ச்ல ஹெல்மெட் போட்டா அந்த ஸ்டாண்டர்டு ஹெல்மெட் தான் போடணும்னு ஐசிசி 2017ல ரூல் கொண்டு வந்துச்சு. உங்க ஹெல்மெட்டை உள்ளுக்கு உள்ள திருப்பி டார்ச் அடிச்சு பாத்துட்டேன், "கையால் துவைக்கவும்"னு ஒரு லேபிள் இருக்கு, அது லைனிங்குக்கு. வேற ஒண்ணும் இல்ல.

இதை தான் உங்க கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி கேட்டேன். நாப்பத்தி ரெண்டு நிமிஷம் மியூசிக் கேட்டுட்டு ஒருத்தர் எடுத்தார். பேரு சொல்ல மாட்டேன், உங்க ரெக்கார்டிங்ல இருக்கும், மதியம் மூணு மணி வாக்குல. நான் ஸ்டாண்டர்டு, லேபிள், இடைவெளி எல்லாம் பொறுமையா சொல்றேன், அவர் நடுவுல நிறுத்தி, "சார், நீங்க என்ன ரஞ்சியா ஆடறீங்க? சண்டே மேட்ச்சுக்கு இது போதும் சார்"னாரு. பின்னாடி யாரோ சிரிக்கற சத்தம் வேற.

அந்த சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

எங்க புதுச்சேரிக்கே, மாநில டீமுங்க மோதற ரஞ்சி டிராஃபில இடம் 2018ல தான் கிடைச்சுது, அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் எங்காளுங்க சண்டே மேட்ச் மட்டுமே ஆடிட்டு ரிடையர் ஆனாங்கன்னு அவருக்கு என்ன தெரியும். சரி அதை விடுங்க. ரஞ்சில பவுலருக்கு பந்து எங்க போகும்னு தெரியும், பேட்ஸ்மேனுக்கு எங்க வரும்னு தெரியும். எங்க பவுலருக்கே தெரியாது சார். வேகமா போடறவன் கை வழுக்கி பீமர் (தரையில படாம நேரா உடம்புக்கு வர்ற பந்து) போடுவான், மேட் ஓரத்துல பட்ட பந்து ஒண்ணு உருளும், ஒண்ணு தலைக்கு மேல போகும். நாப்பது வயசு ஆளு வாரத்துக்கு ஒரு நாள் பேட் புடிக்கறான், கண்ணு லேட்டா தான் பாக்கும். நல்ல ஹெல்மெட் யாருக்கு முதல்ல வேணும்னு நீங்களே சொல்லுங்க.

அவர் இன்னொண்ணும் சொன்னார், அந்த காலத்துல எல்லாரும் ஹெல்மெட் இல்லாம தானே ஆடுனாங்கன்னு. ஆடுனாங்க. 1962ல பார்படாஸ்ல நரி கான்ட்ராக்டர் அப்படித்தான் ஆடுனாரு, நம்ம இந்தியா கேப்டன், வெஸ்ட் இண்டீஸ் பவுலர் சார்லி க்ரிஃபித் பந்து தலையில பட்டு மண்டை ஓடு உடைஞ்சுது, உயிர் பொழைச்சதே பெரிசு, அதுக்கப்புறம் ஒரு டெஸ்ட் கூட ஆடல. இதை போன்லயே சொன்னேன். "ஓகே சார், வேற ஏதாவது உதவி வேணுமா"ன்னாரு.

கடைசியா வாரண்டி பத்தி கேட்டதுக்கு, "அடி வாங்குன ஹெல்மெட்டுக்கு வாரண்டி கிடையாது சார்"னு சொல்லிட்டார். ஹெல்மெட் எதுக்குங்க இருக்கு, கொலுவுல வைக்கவா?

அடுத்தது கடலூர் விஷயம். எங்க ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசம், ஆனா பின்கோடு 607ல ஆரம்பிக்கும், கடலூர் பின்கோடு. இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, உங்க கம்பெனி பொறக்கறதுக்கு முன்னாடியே இப்படித்தான். உங்க வெப்சைட் அந்த நம்பரை பாத்துட்டு கடலூர் டீலர் கிட்ட போ சொல்லுது. கடலூர் டீலர் பில்லை பாத்துட்டு இது புதுச்சேரி பில், வேற ஸ்டேட்டு, நாங்க தொட முடியாதுங்கறார். புதுச்சேரியில வாங்குன கடைக்கு போனா அட்ரஸை தட்டி பாத்துட்டு "சார் உங்களுக்கு கடலூர் காட்டுது"ங்கறாங்க. முள்ளோடை செக்போஸ்ட்ல நடுவுல நின்னுக்கிட்டா யாராவது வந்து வாங்கிப்பீங்களா?

இதுல ஒரு ட்ரிப்பை மட்டும் என்னால மறக்க முடியாது. "நாளைக்கு கடலூர் சர்வீஸ் பாயிண்ட் ஓப்பன்ல இருக்கும், டெக்னீஷியன் வருவார், நேர்ல கொண்டு போங்க"ன்னு உங்க ஆளு சொன்னது மாசி மகத்துக்கு முந்தின நாள். மாசி மகம் அன்னிக்கு கடலூர் எப்படி இருக்கும்னு இந்த பக்கத்துல சின்ன புள்ளைய கேட்டா சொல்லும். சுத்துப்பட்டு சாமி எல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்கு தீர்த்தவாரி போகும், ரோடு பூரா டிராக்டர், மேளம், ஜனம். லீவு போட்டுட்டு, மடியில பிளாஸ்டிக் கவர்ல ரத்தம் பட்ட ஹெல்மெட்டை வச்சிக்கிட்டு பஸ்ல உக்காந்திருக்கேன், பக்கத்துல இருந்த ஒரு அம்மா என்னப்பா ஆக்சிடெண்டான்னு கேட்டாங்க. பஸ் பாலத்துகிட்ட நின்னுடுச்சு. எறங்கி வெயில்ல நடந்து மஞ்சக்குப்பம் போனா ஷட்டர் போட்டிருக்கு. கீழ ஒரு சீட்டு, "மாசி மகத்தை முன்னிட்டு விடுமுறை". அதுல இருந்த நம்பருக்கு போன் பண்ணா எடுத்தவரு, "எந்த டெக்னீஷியன்?"னாரு.

என் ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ்ஸு சாப்பாடு போச்சு. சாமியையும் பாக்கல.

க்ளவுஸ் பேடு கதை சுருக்கமா. லெஃப்ட் ஹேண்ட் கேட்டோம், ரைட் ஹேண்ட் அனுப்பிட்டீங்க. ரெண்டும் ஒண்ணு தானேன்னு உங்க கடைப் பையன் சொன்னான். ஒண்ணு இல்ல தம்பி. லெஃப்டிக்கு ஹேண்டில்ல கீழ்க்கை இடது கை, அந்த கையில முதல் ரெண்டு விரலுக்கு தான் கூடுதல் தடுப்பு இருக்கும், பந்து முதல்ல வந்து படற விரல் அது தான். ரைட் ஹேண்ட் க்ளவுஸை போட்டா அந்த தடுப்பு வேற கையில சும்மா உக்காந்திருக்கும். பேடும் சைஸ் பசங்க சைஸ். முட்டி, பேடுல முட்டிக்குன்னே இருக்கற மெத்தைக்கு (நீ ரோல்) நடுவுல உக்காரணும், எங்க பையனுக்கு அதுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்குது.

இதை உங்க சேட்ல தமிழ்ல டைப் பண்ணி கேட்டது தான் நான் பண்ண தப்பு. தமிழ்ல அடிக்கிறதும் பேட், கால்ல கட்டறதும் பேட், எழுதுனா ரெண்டும் ஒண்ணு தான். "லெஃப்ட் ஹேண்ட் பேட் கேட்டேன், ரைட் ஹேண்ட் வந்திருக்கு"ன்னு போட்டேன். அந்த பக்கத்துல இருந்து, "சார், பேட்டுக்கு லெஃப்ட் ரைட் கிடையாது, ரெண்டு பேரும் யூஸ் பண்ணலாம்"னு வந்துச்சு. கூடவே நாக்கிங் (புது பேட்டை தட்டி பழக்கறது) பண்ணீங்களா, லின்சீட் ஆயில் போட்டீங்களான்னு வேற. நான் கால்ல கட்டறதுன்னு போட்டேன். "கால்ல பட்டு உடைஞ்சுதா சார்?"னு கேக்கறாங்க. சிரிக்காம டைப் பண்ணேன் பாருங்க, அதுக்கே எனக்கு மெடல் குடுக்கணும். கடைசியில பேட் உடைஞ்சதா கம்ப்ளெய்ன்ட் போட்டு, மூணு நாள் கழிச்சு ஒரு கூரியர் தம்பி வந்து பேட் எங்கன்னு கேட்டான், பேட் உங்க கம்பெனி பேட்டே இல்ல, அவன் "கஸ்டமர் பொருள் தரவில்லை"ன்னு எழுதிட்டு போய்ட்டான். இப்ப என் கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சதா உங்க ஆப் காட்டுது, பச்சை டிக் போட்டு.

கழுத்து கார்டை சொல்ல மறந்துட்டேன். 2014ல சிட்னியில ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸுக்கு பந்து ஹெல்மெட்டுக்கு கீழ கழுத்துல பட்டு ரெண்டு நாள்ல இறந்துட்டாரு, அதுக்கப்புறம் தான் இந்த கார்டை நிறைய பேர் மாட்ட ஆரம்பிச்சாங்க. நீங்க குடுத்த கார்டோட க்ளிப்பு நீங்க குடுத்த ஹெல்மெட்டுல மாட்டல. ரெண்டும் உங்களுது தான். ரப்பர் பேண்டு போட்டு கட்டியிருக்கோம்.

ஒரு கிட்டால எங்க சீசனே போச்சு சார். அந்த பையன் இனிமே ஆட மாட்டேங்கறான், அவன் இல்லாம நாக் அவுட்ல 61 ரன்ல சுருண்டோம், ரெண்டு பேர் வேற க்ளப்புக்கு போய்ட்டாங்க, காசு எங்கன்னு என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. க்ளப்பே இழுத்து மூடற நிலைமை. இதுக்கெல்லாம் சேத்து ரெண்டு லட்சம் கேக்கலாம்னு எங்க வக்கீல் நண்பர் சொல்றாரு, நான் தான் வேணாம், பெரிய கம்பெனி, பேசுனா புரிஞ்சுப்பாங்கன்னு தடுத்து வச்சிருக்கேன்.

எனக்கு வேண்டியது இவ்ளோ தான். ரெண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கிட்டு, உள்ள லேபிளோட, பெரியவங்க பந்துக்கு டெஸ்ட் பண்ண ஹெல்மெட் குடுங்க, இல்ல காசை குடுங்க. லெஃப்டிக்கு லெஃப்டி க்ளவுஸ், பெரிய சைஸ் பேடு. மாட்டற மாதிரி ஒரு க்ளிப்பு. இந்த மாடல் அந்த ஸ்டாண்டர்டுல பாஸா இல்லையான்னு ஒரே வரியில எழுத்துல பதில். அப்புறம் அந்த மூணு மணி ஆளு அந்த பையனுக்கு போன் பண்ணி ஒரு வார்த்தை சாரி சொல்லணும், எனக்கு வேணாம், அவனுக்கு.

பதினஞ்சு நாள் டைம். அதுக்குள்ள பதில் வரலன்னா நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுவேன், அப்புறம் கன்ஸ்யூமர் கமிஷன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், நீங்க தான் இங்க வரணும், அப்ப உங்க வக்கீலுக்கு பின்கோடை பாத்து கடலூருக்கு வழி காட்டிடாதீங்க. இது மிரட்டல் இல்ல, தகவல். உங்க ஸ்டம்பர் பேடு நாலு வருஷமா எங்க கீப்பர் கட்டறாரு, இன்னும் ஒரு தையல் விடல, அந்த நம்பிக்கையில தான் வாங்குனோம்.

பில், போட்டோ, தையல் போட்ட சீட்டு, பந்து மாட்டுன ஹெல்மெட் வீடியோ எல்லாம் அஞ்சு மெயில்லயும் அனுப்பியிருக்கேன், இதுலயும் வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
சண்டே மேட்ச் மட்டும் ஆடறவன்

பி.கு: பிக்கப்புக்கு ஆள் அனுப்புனா ஞாயித்துக்கிழமை காலையில வேணாம், மேட்ச் இருக்கு. வர்ற தம்பி கிட்ட ஹெல்மெட்டுன்னு சொல்லி அனுப்புங்க. இந்த தடவையும் பேட்டை கேட்டா குடுக்க மாட்டேன்.